துணை அதிபர் வேட்பாளரின் மத நம்பிக்கை வாக்குகளைக் கொண்டுவருகிறதா?

அரூர் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் அரசியல் அறிவியல் முதுகலை பயில்கிறேன். அமெரிக்க அதிபர் தேர்தல் குறித்துக் கருத்தரங்கக் கட்டுரை எழுதும்போது எழுந்த ஐயம் இது. எந்த அரசுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கோரக் கூடாது என்று அந்நாட்டு அரசமைப்பின் 6ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால், அதிபர் வேட்பாளர் தமக்குத் துணையாக ஒருவரை அறிவித்தவுடன், அவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. (2020இல் கமலா ஹாரிஸுக்காகத் துளசேந்திரபுரம் கோயிலில் நடந்த வழிபாட்டைப் பற்றிப் படித்த நம்மில் எத்தனை பேர், அவர் பாப்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதைக் கவனித்தோம் என்று தெரியவில்லை.) நம் குடியரசுத் துணைத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்களே தனியாகத் தேர்ந்தெடுப்பதால், இங்கிருந்து ஒப்பிட வழியில்லை. துணை வேட்பாளரின் மத நம்பிக்கை உண்மையிலேயே வாக்குகளைக் கொண்டுவருகிறதா, அல்லது அது கட்சிகளின் பழக்கம் மட்டும்தானா?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

1928ஆம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள். பெரிய கட்சி ஒன்றின் அதிபர் வேட்பாளரான முதல் கத்தோலிக்கர், நியூயார்க் ஆளுநர் அல் ஸ்மித். தென் மாநிலப் புராட்டஸ்டன்டுகளின் அச்சத்தைத் தணிக்க வேண்டியிருந்த ஜனநாயகக் கட்சி, ஆர்கன்சா செனட்டர் ஜோசப் ராபின்சனை அவருக்குத் துணையாக நிறுத்தியது. ராபின்சன் புராட்டஸ்டன்டுப் பிரிவுகளில் ஒன்றான மெதடிஸ்ட் சபையினர். ஸ்மித் எதிர்த்த மதுவிலக்கை ஆதரித்தவர். தராசின் மறுதட்டில் வைப்பதற்கென்றே தேடிப்பிடித்த ஆள் என்று சொல்லலாம். இருந்தும், அதுவரை அக்கட்சியின் கோட்டையாக இருந்த தெற்கில் டெக்சஸ், புளோரிடா, வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய மாநிலங்கள் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹூவர் பக்கம் சாய்ந்தன. ஆர்கன்சா கைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

1960இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரும் கத்தோலிக்கருமான கென்னடி, டெக்சஸைச் சேர்ந்த லிண்டன் ஜான்சனைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு முதற்காரணம் வட்டாரக் கணக்கே. அந்த வட்டாரத்தில் புராட்டஸ்டன்டுகளே மிகுதி என்பதால் மதக் கணக்கும் அதனுள் அடங்கிவிட்டது. ஆனால், தம் மதத்தைப் பற்றிய ஐயத்துக்கு விடையளிக்கும் பொறுப்பைக் கென்னடி ஜான்சனிடம் ஒப்படைக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்டுப் போதகர்கள் முன் தாமே நின்று, பொது விவகாரங்களில் தம் திருச்சபைக்காகத் தாமும், தமக்காகத் திருச்சபையும் பேசுவதில்லை என்று தெளிவுபடுத்தினார். டெக்சஸையும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். முதல் வேட்பாளர் மீதுள்ள ஐயத்தை இரண்டாமவரின் மதம் போக்காது என்பதே என் முடிவு.

ஓசூர் உறுப்பினர்:

ஆசிரியர் ஐயா கூறுவதை ஏற்கிறேன். ஆனால், துணை வேட்பாளரின் மதம் பல சமயங்களில் பொது வாக்காளரைவிடக் கட்சியின் சொந்த ஆட்களை நோக்கியே காட்டப்படுகிறது. 2016இல் மூன்று முறை மணம் புரிந்தவரும் முன்பு கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவருமான டிரம்பை நம்பலாமா என்று, பெரும்பாலும் பழமைவாதப் புராட்டஸ்டன்டுகளான இவாஞ்சலிக்கல் சபைத் தலைவர்கள் பலர் தயங்கினார்கள். அப்போதுதான், தாம் முதலில் கிறித்தவர், அடுத்துப் பழமைவாதி, அதற்கும் அடுத்துத்தான் குடியரசுக் கட்சிக்காரர் என்று மேடைதோறும் கூறிவந்த இந்தியானா ஆளுநர் மைக் பென்ஸ் துணை வேட்பாளரானார்.

வெள்ளை இன இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் டிரம்புக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு காட்டியது. இதைப் பென்ஸின் சாதனை என்று எழுதிவிடாதீர்கள். 2012இல் மோர்மன் பிரிவைச் சேர்ந்த மிட் ராம்னியும் கத்தோலிக்கரான பால் ரயனும் குடியரசுக் கட்சி சார்பில் நின்றபோது, இருவரில் ஒருவர்கூடப் புராட்டஸ்டன்டு இல்லாத நிலையிலும், அக்கட்சிக்கு அதே மக்களிடமிருந்து ஏறத்தாழ அதே பங்கு கிடைத்தது. பென்ஸால் கிடைத்தது தயக்கமின்றி வேலை செய்யக்கூடிய சபைத் தலைவர்களின் துணை. அதிலும்கூட, உச்ச நீதிமன்றத்துக்கு யார் யாரை நியமிப்பேன் என்று டிரம்ப் முன்கூட்டியே வெளியிட்ட பட்டியலுக்கே பெரும்பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

2021 ஜனவரி 6 அன்று, டிரம்ப் தோற்ற தேர்தலின் முடிவை நிறுத்திவைக்க மறுத்துப் பென்ஸ் எழுதிய கடிதம், அரசமைப்பைக் காப்பதாகத் தாம் எடுத்த உறுதிமொழியைச் சுட்டி, கடவுள் துணை வேண்டி முடிகிறது. எந்தப் பக்திக்காக அவரைச் சேர்த்துக்கொண்டார்களோ, அதே பக்தியின் மொழியில்தான் அந்த மறுப்பும் வந்தது.

அரூர் மாணவி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் 2000இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் அல் கோர், யூதரான செனட்டர் லீபர்மேனைத் தேர்ந்தெடுத்ததை எப்படிப் புரிந்துகொள்வது? அங்கு யூதர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கினர் அல்லவா?

பென்னாகரம் வட்டம், முன்னாள் வார்டு உறுப்பினர்:

முதலில், ஒப்பிட வழியில்லை என்று நீங்கள் எழுதியதைப் பற்றி ஒரு சொல். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகவும், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள்ளும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயினும், எந்தத் தெருவுக்குத் துணைத் தலைவர் பதவி என்பதைத் தலைவர் பதவிக்கு நிற்பவர் வாக்குப்பதிவுக்கு முன்பே பேசி முடித்துவிடுவது பல ஊர்களில் நடப்பதுதான். காசோலையில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால் அந்த வாக்குறுதிக்கு மதிப்பு உண்டு. அமெரிக்கத் துணை அதிபருக்கோ, செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரியும்போது அளிக்கும் ஒரு வாக்கைத் தவிர, சொந்த அதிகாரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆகவே அங்கே மதச் சமநிலை பெரும்பாலும் அடையாளமாகவே நின்றுவிடுகிறது.

லீபர்மேனின் தேர்வு தலைகளை எண்ணிச் செய்ததன்று. 1998இல் கிளின்டனின் தனிவாழ்க்கைச் சர்ச்சையின்போது, சொந்தக் கட்சியின் அதிபரைச் செனட்டில் எழுந்து கண்டித்தவர் அவர். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை யூத மத ஓய்வுநாளைக் காத்து, அந்நேரத்தில் பிரசாரத்தையும் நிறுத்திவைத்தவர். கிளின்டனின் துணை அதிபராக இருந்து, அவர் நிழலிலிருந்து விலக விரும்பிய கோருக்கு, வேற்று மதத்தவரும் மதிக்கும் அந்த ஒழுக்கம் தேவைப்பட்டது. தேர்தலையே முடிவுசெய்த புளோரிடாவை 537 வாக்குகளில் இழந்ததால் அந்தக் கணக்கு பலித்ததா என்பதை இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கலாம்.

1984இன் ஜனநாயகக் கட்சித் துணை அதிபர் வேட்பாளர் ஜெரால்டின் ஃபெராரோவையும் விட்டுவிடாதீர்கள். அவர் கத்தோலிக்கர்; ஆனால் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்ததற்காக அவரை வெளிப்படையாகக் கண்டித்தவர் நியூயார்க்கின் கத்தோலிக்கப் பேராயர் ஓ'கானர். ஒரே மதம் என்பதே அவருக்குச் சுமையாயிற்று.

இந்திய ஒப்பீட்டுக்கு 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவையும், அதைப் பற்றி 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற பெரும்பான்மையில் அளித்த தீர்ப்பையும் படியுங்கள். வேட்பாளரின் மதத்தை மட்டுமன்றி வாக்காளரின் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் முறைகேடு என்கிறது அத்தீர்ப்பு. பென்ஸ் மேடைதோறும் சொன்னதைத் தருமபுரித் தொகுதியில் ஒரு வேட்பாளர் வாக்குக் கேட்கும்போது சொன்னால், தோற்றவர் தேர்தல் வழக்குத் தொடர அதையே காரணமாகக் காட்டக்கூடும்.