ரிசல்ட் மீட்டிங்குக்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் பேச்சே இல்லை: உங்கள் பள்ளியில் எப்படி?

கணக்கு டீச்சர்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ரிசல்ட் வந்ததும் மீட்டிங். தேர்ச்சி குறைந்த பாட ஆசிரியர்களைப் பெயர் சொல்லி எழுப்பி, நிற்க வைத்துக் காரணம் கேட்கிறார்கள். இந்த முறை எங்கள் அறிவியல் டீச்சர் நின்றார். பிள்ளைகள் அவர் பீரியடு எப்போது வரும் என்று காத்திருப்பார்கள், அப்படிப்பட்டவர். தவறியவர்களில் ஒரு பையன், பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டுப் பொங்கலுக்கு அப்புறம்தான் வகுப்புக்கே வந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தார். "கதை வேண்டாம்" என்றார்கள். இனிமேல் பத்தாம் வகுப்பே வேண்டாம் என்று எச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு நூறு சதவீதம். கைதட்டினார்கள். வடிவியல் 8 மதிப்பெண், வரைபடம் 8, ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண்ணில் நாலைந்து. மெல்லக் கற்போருக்கு அரையாண்டுக்குப் பிறகு இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். 35 தாண்டிவிட்டார்கள். நிகழ்தகவு என்றால் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

வகுப்பைப் பார்த்து உருப்படியாக ஏதாவது சொல்லும் வழக்கம் எங்காவது இருக்கிறதா?

ஓய்வுபெற்ற எச்.எம்.:
ஆண்டாய்வு, அதாவது வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்களுக்கும் வயிற்றைக் கலக்கும், டீச்சர். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை பாட வல்லுநராக வந்தவர் பீரியடு முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகளை நீங்க ஒரு கேள்வி கூடக் கேக்கலையே" என்றார். அவ்வளவுதான். ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பக்கம் பார்க்காமல் நான் பாடம் நடத்தியதில்லை. எச்.எம். ஆன பிறகு நானும் வகுப்புகளில் போய் உட்கார்ந்தேன், கையில் நோட்டு இல்லாமல்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
எங்களுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம். கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும். நெட் கிடைக்காமல் ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பேன். "நான் படிச்சுட்டேன் டீச்சர், கேளுங்க" என்று ஒரு குட்டி புடவையை இழுக்கும். 2023-ல் எங்கள் வகுப்புகளை மதிப்பிட பி.எட். மாணவர்களை அனுப்பினார்கள், சங்கங்கள் எதிர்த்தன. ஆனால் எங்கள் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் அக்கா ஒருவர் வந்தால் மட்டும் சந்தோஷம். குறை சொல்வதற்கு முன் அவரே பாட்டுப் பாடி ஒரு பாடம் எடுத்துக் காட்டுவார்.

ஒரு பெற்றோர்:
மன்னிக்கணும், மதிப்பீடே கூடாது என்றால் எப்படி? என் மகன் பள்ளியில் ஒரு சார் வகுப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரை யார் கேட்பது?

கணக்கு டீச்சர்:
நியாயமான கேள்விங்க. மதிப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த சாரின் பிள்ளைகள் டியூஷன் போய்ப் பாஸாகிவிட்டால் மீட்டிங்கில் அவருக்கும் கைதட்டுதான். வகுப்பை யாரும் வந்து பார்ப்பதே இல்லையே. 2017-ல் பிள்ளைகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியாயிற்று, எங்களுக்குத்தான் இன்னும் நடக்கிறது.

எச்.எம். சார், நோட்டு இல்லாமல் உட்கார்ந்தீர்கள், சரி. வகுப்பறை உற்றுநோக்கல் பதிவேட்டை மேலே கேட்பார்களே, அதில் என்ன எழுதினீர்கள்?