பௌர்ணமிக்குக் கொடைக்கானல் ஏரி ஏறுமா?

படகுத்துறை: எங்கள் ஏரிக்கரைப் பெரியவர்கள் சொல்வது இது: பௌர்ணமி அன்று தண்ணீர் படிக்கட்டில் நாலு விரல் ஏறும். போன வாரம் நானே பார்த்தேன். கடலை இழுக்கிற நிலா, ஏரியை மட்டும் விட்டுவைக்குமா?

கோத்தகிரியான்: போன வாரம் பெய்த மழையை மறந்துவிட்டீர்களா அண்ணா? நிலா ஏரியை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓதம், அதாவது நீர் ஏறி இறங்குவது, வருவது இழுப்பால் அல்ல, இடத்துக்கு இடம் இழுப்பு மாறுவதால். பூமியின் குறுக்களவு 12,700 கி.மீ. நிலாவைப் பார்த்த பக்கத்தில் இழுப்பு கூடுதல், மறுபக்கத்தில் குறைவு. உங்கள் ஏரியைச் சுற்றி நடந்தாலே 5 கி.மீ. தான். அதற்குள் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி 560 கி.மீ. நீளம். அதிலேயே ஓதம் 5 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது.

படகுத்துறை: தம்பி, 1901 முதல் சூரியனைப் பார்த்துக் குறித்துவரும் ஆய்வகம் இருக்கிற ஊர் எங்களுடையது. சூரியன் பூமியை நிலாவைப் போல 180 மடங்கு இழுக்கிறது. அப்படியானால் பெரிய ஓதம் சூரியனால் அல்லவா வர வேண்டும்?

கோத்தகிரியான்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள், ஆனால் அது எனக்குச் சாதகம். சூரியனின் நிறை நிலாவைப் போல 2.7 கோடி மடங்கு, தூரம் 390 மடங்கு. 2.7 கோடியை 390ஆல் இரண்டு முறை வகுங்கள். நீங்கள் சொன்ன 180க்குப் பக்கத்தில் வரும். அது இழுப்பு. மூன்றாம் முறையும் வகுத்தால் வருவது இழுப்பின் வித்தியாசம், அதாவது ஓதம்: 0.46. நிலாவில் பாதிகூட இல்லை.

வத்தலக்குண்டு மாமா: எனக்கு ஒரு சந்தேகம். நிலா இழுத்தால் எதிர்ப்பக்கக் கடல் இறங்கத்தானே வேண்டும்? அங்கேயும் ஏறுகிறதாமே!

கோத்தகிரியான்: மலைப்பாதையில் மூன்று பேர் வரிசையாக நடக்கிறார்கள். முன்னால் போகிறவர் வேகம், நடுவில் வருகிறவர் மிதம், கடைசி ஆள் மெதுவு. நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடும் அல்லவா? அந்த நடு ஆள்தான் பூமி, முன்னாலும் பின்னாலும் கடல். அதனால்தான் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஓதம்.

படகுத்துறை: ஆக, பெரியவர்கள் சொன்னது பொய் என்கிறீர்கள்.

கோத்தகிரியான்: முழுப் பொய் இல்லை. கடல் மட்டுமல்ல, பூமியின் கெட்டியான தரையும் இந்த இழுப்பில் ஏறி இறங்குகிறது, ஏறக்குறைய ஒரு அடி. உங்கள் ஏரி ஏறுகிறது, சரி. ஆனால் படிக்கட்டும், படகுத்துறையும், பக்கத்து டீக்கடையும் கூடவே ஏறுகின்றனவே! எதை வைத்து நாலு விரலை அளந்தீர்கள்?

படகுத்துறை: பேச்செல்லாம் வேண்டாம். வருகிற பௌர்ணமிக்குப் படியில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கோத்தகிரியான்: போடுங்கள். அதன்பின் அரைநிலா அன்று இன்னொரு கோடு. இடையில் பெய்த மழையையும் குறித்து வையுங்கள் அண்ணா, போன தடவை போல விட்டுவிடாதீர்கள்.