நைட்விஷின் முதல் ஆல்பம்: அது ஆல்பமா, டெமோவா?

இடிமுழக்கம்:
சிம்ஃபோனிக் பவர் மெட்டல், அதாவது ஆர்கெஸ்ட்ரா ஒலி கலந்த வேகமான மெட்டல் இசை, கேட்க ஆசைப்படும் புதியவர்களை ஃபின்லாந்துக் குழு நைட்விஷின் 'ஏஞ்சல்ஸ் ஃபால் ஃபர்ஸ்ட்' ஆல்பத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 1997 நவம்பரில் வந்த அது, ஆல்பம் என்று பெயர் வைத்த டெமோ (மாதிரிக்காகச் செய்யும் பதிவு), அவ்வளவுதான். பின்லாந்தில் 'கிட்டே' என்னும் சின்ன ஊரில் பதிவு செய்ததை ஸ்பைன்ஃபார்ம் என்ற இசை வெளியீட்டுக் கம்பெனி வாங்கி, இன்னும் சில பாடல்களைச் சேர்க்கச் சொல்லி வெளியிட்டது. டிரம்ஸ் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. பேஸ் கிட்டாருக்குத் தனி ஆள் கிடையாது. கிட்டார் வாசித்த எம்ப்பு வூரினெனே பேஸையும் வாசித்தார். கீபோர்டுக்காரர் டூமாஸ் ஹோலோபைனென் பாடவும் செய்தார். அடுத்த ஆல்பத்திலேயே பாடுவதை விட்டுவிட்டார். அவருக்கே தெரிந்த குறையை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

கருங்குயில்:
அண்ணா, குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் குழு எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். 1996 கோடையில் டூமாஸ் யோசித்தது மெட்டலே இல்லை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி அமைதியான அக்கூஸ்டிக் (மின்கருவி இல்லாத) இசை. தார்யா டுருனென் பாட ஆரம்பித்ததும்தான் சிக்கல் தெரிந்தது. அந்த சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண்) குரலுக்கு மெல்லிய கிட்டார் ஈடு கொடுக்கவில்லை. குரலைத் தாங்கவே எலக்ட்ரிக் கிட்டாரும் யுக்கா நெவலாய்னெனின் டிரம்ஸும் வந்தன. அந்த மாற்றம் பாதி வழியில் இருந்தபோது பதிவான ஆல்பம் இது.

கடைசியில் வரும் 'லாப்பி' என்ற நான்கு பகுதித் தொகுப்பைக் கேளுங்கள். முதல் பகுதி ஃபின்னிஷ் மொழியில், மெட்டல் கிட்டாரின் இரைச்சல் இல்லாமல் வருகிறது. நான்காவது பகுதி 'எட்டியாய்னென்', 1996 அக்கூஸ்டிக் டெமோவில் இருந்த அதே பாட்டு. எந்த விதையிலிருந்து இந்த மரம் வந்தது என்பது அந்த ஆல்பத்துக்குள்ளேயே இருக்கிறது. பிறகு வந்தவற்றில் இவ்வளவு பக்கத்தில் அந்த விதை எனக்குக் கிடைக்கவில்லை.

மலைப்பாதை:
வரலாறு நன்றாக இருக்கிறது சகோ. ஆனால் காதுக்கு வரலாறு தெரியாது. அதே 1997-இல் இத்தாலியின் ராப்சடி குழுவினர் தங்கள் முதல் ஆல்பம் 'லெஜண்டரி டேல்ஸ்' கொடுத்தார்கள். கோரஸ், ஆர்கெஸ்ட்ரா, வேகம் எல்லாம் முழுசாக இருக்கிறது. முதல் ஆல்பம் என்பதற்காகச் சலுகை கேட்கவே வேண்டியதில்லாத ஆல்பம் அது.

கருங்குயில்:
சலுகை கேட்கவில்லை. ஒப்பிடுவதாக இருந்தால் சரியாக ஒப்பிடுவோம். ராப்சடிக்காரர்கள் 1993-இலேயே தண்டர்கிராஸ் என்ற பெயரில் தொடங்கி, இரண்டு டெமோ போட்டுத் தேறியவர்கள். ஜெர்மனியில் சாஷா பேத், மீரோ என்று கைதேர்ந்த இருவர் தயாரித்துக் கொடுத்தார்கள். இங்கே பதிவு தொடங்கிய ஏப்ரலில் எம்ப்புவுக்குப் பதினெட்டு, தார்யாவுக்குப் பத்தொன்பது, டூமாஸுக்கு இருபது வயது. குழு தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இடிமுழக்கம்:
வயதைச் சொல்லிக் காதை ஏமாற்ற முடியாது. என்னிடம் இருப்பது நேரான சான்று. இந்த ஆல்பத்தின் 'ஆஸ்ட்ரல் ரொமான்ஸ்' பாட்டை 2001-இல் மறுபடி பதிவு செய்தார்கள். டூமாஸின் இடத்தில் சொனாட்டா ஆர்க்டிகா குழுவின் பாடகர் டோனி காக்கோ பாடினார். நேற்று இரவு ஹெட்போன் போட்டு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். பழையதில் டூமாஸின் குரல் சுருதிக்குக் கீழே தொங்குகிறது, வரியை முடிக்க மூச்சு போதவில்லை. தார்யா வந்ததும் டூமாஸ் காணாமலே போகிறார். புதியதில் இரண்டு குரலும் சமமாக நிற்கின்றன. பாட்டு அப்போதுதான் பாட்டாகிறது. நல்ல மெட்டுகள் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். அவற்றைத் தாங்கும் பலம் குழுவுக்கு இன்னும் வரவில்லை. 1998-இல் அடுத்த ஆல்பம் 'ஓஷன்பார்ன்' வந்தபோது சாமி வான்ஸ்கா பேஸுக்கு வந்துவிட்டார், வேகமும் வந்துவிட்டது. தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

மலைப்பாதை:
அண்ணா சொன்ன சான்றுக்கு என் ஓட்டு. டோனி காக்கோ பாடியதைக் கேட்ட பிறகு பழையதற்குத் திரும்ப முடியவில்லை.

கருங்குயில்:
நானும் இப்போது இரண்டையும் கேட்டுவிட்டு வந்தேன். காக்கோ சிறந்த பாடகர், அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பாட்டு தனியாக இருப்பவனின் ஏக்கம் அண்ணா. அதை எழுதியவனே, பாடத் தெரியாத குரலில் தயங்கித் தயங்கிப் பாடுகிறான். பக்கத்தில் தார்யாவின் குரல் எட்டாத உயரத்தில் நிற்கிறது. அந்தத் தூரம்தான் எனக்கு அந்தப் பாட்டு. இரண்டு குரலும் சமமானதும் அந்தத் தூரம் போய்விட்டது.

கீபோர்டு பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடமாக வாசிக்கிறேன். முதல் பாட்டு 'எல்வன்பாத்' எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் ஒரு கீபோர்டை வைத்துக் காட்டையும் பனியையும் கொண்டுவரப் பார்க்கிறார் டூமாஸ். அந்த ஸ்ட்ரிங்ஸ் (வயலின் வகை) ஒலி மலிவானது என்று கேட்டவுடன் தெரியும். ஆனால் பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய அதே கை அதில் இருக்கிறது.

இடிமுழக்கம்:
அந்தத் தூரம் பற்றி நீ சொன்னதை நான் யோசித்ததே இல்லை, அம்மா. இன்று இரவு பழைய 'ஆஸ்ட்ரல் ரொமான்ஸை' மறுபடி கேட்கிறேன். டிரம்ஸ் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. புதியவர்களுக்கு முதலில் 'ஓஷன்பார்ன்' என்பதிலும் மாற்றமில்லை.

கருங்குயில்:
சரி அண்ணா. 'ஓஷன்பார்ன்' முடித்த கையோடு 'லாப்பி' ஒன்றையாவது கேட்கச் சொல்லுங்கள்.