கமாடோ கரி அடுப்புல பிரெட்: அடி தீயுது, மேல வெளுப்பாவே நிக்குது, என்ன பண்ணலாம்?

மாவும்கரியும் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நான் டெக்சாஸ்ல இருக்கேன். வீட்ல 18 இன்ச் செராமிக் கமாடோ (முட்டை வடிவத்துல மூடி போட்ட கரி அடுப்பு) ஒண்ணு இருக்கு, வாங்குனது என்னமோ சிக்கனுக்கும் பிரிஸ்கெட்டுக்கும்தான் (மாட்டு நெஞ்சுக்கறி), ஆனா இங்க ஆகஸ்ட் மாச வெயில்ல வீட்டுக்குள்ள பேக்கிங் அவனை (oven) ஒரு மணி நேரம் ஓடவிட்டா ஏசிக்கு மூச்சு முட்டுது, அதனால பிரெட்டையும் பேக்யார்டுக்கே கொண்டு போயிடலாம்னு பாக்குறேன்.

மாவு சாதாரண சவர்டோதான், அதாவது ஈஸ்ட் பாக்கெட் இல்லாம தானா புளிக்க வைக்குறது. பிரெட் மாவு 500 கிராம், தண்ணி 360, ஸ்டார்ட்டர் (புளிச்ச தாய் மாவு) 100, உப்பு 10. இதே மாவு வீட்டு அவன்ல அருமையா வருது, அதனால மாவுல கோளாறு இல்ல. கமாடோவுல போட்டா அடி கரிக்கட்டை, கத்தியால சுரண்டித்தான் சாப்பிடணும், மேல பாத்தா இட்லி மாதிரி வெளுப்பு. உள்ள வெந்துடுது, அதுல குறை இல்ல.

என் செட்டப்: கரி கொளுத்தி, டிஃப்ளெக்டர் (தணல் சூடு நேரா மேல அடிக்காம தடுக்குற செராமிக் தட்டு) போட்டு, அது மேலயே பீட்சா கல், கல்லு மேல காஸ்ட் அயர்ன் டச் அவன் (மூடி போட்ட கனமான இரும்புச் சட்டி). மூடில இருக்குற மீட்டர் 450 ஃபாரன்ஹீட் (230 செல்சியஸ்) காட்டுன உடனே மாவை இறக்கிடுவேன், அதுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. டச் அவனை மூடி 20 நிமிஷம், தொறந்து 20 நிமிஷம். இன்னொண்ணு, லேசா ஒரு கசப்பு புகை வாசனையும் வருது. பசங்க தொட மாட்டேங்குறாங்க.

தணல்ராஜா:

உங்க பதில் உங்க கேள்விலயே இருக்கு பாஸ், "அரை மணி நேரம் கூட ஆகாது"ன்னு சொன்னீங்கல்ல, அங்கதான் சிக்கல். அந்த மீட்டர் காட்டுறது மூடிக்குள்ள சுத்துற காத்தோட சூடு, அவ்ளோதான். செராமிக் சுவரு இன்னும் சூடே ஏறியிருக்காது. பிரெட்டோட மேல்பக்கம் செவக்கணும்னா மூடியோட உள்பக்கம் நல்லா காஞ்சு கீழ்நோக்கி சூட்டை அடிக்கணும், அதுக்கு 450 வந்ததுக்கு அப்புறம் இன்னும் முக்கா மணி நேரமாவது அப்படியே விடணும். அதே நேரத்துல கீழ என்ன நடக்குதுன்னு பாருங்க, டிஃப்ளெக்டர் நேரா தணலுக்கு மேல உக்காந்துருக்கு, அது ஏற்கனவே 450ஐ எல்லாம் தாண்டிப் போயிருக்கும், அது மேல கல்லு ஒட்டி, கல்லு மேல இரும்பு ஒட்டி, எல்லா சூடும் நேரா மாவோட அடிக்குத்தான் போகுது.

முதல்ல டிஃப்ளெக்டருக்கும் கல்லுக்கும் நடுவுல இடைவெளி விடுங்க. கால் வச்ச டிஃப்ளெக்டர்னா காலை மேல் பக்கமா திருப்பி, அது மேல கம்பி கிரேட், கிரேட் மேல கல்லு. கால் இல்லாததுன்னா பிளம்பிங் கடைல கிடைக்குற சின்ன செம்பு எல்போ (வளைஞ்ச பைப் துண்டு) மூணு வாங்கி நடுவுல வச்சிடுங்க, இங்க பாதி பேர் அதான் பண்றாங்க. அரை இன்ச் காத்து போனாலே போதும், அடி தீயுறது பாதி குறைஞ்சிடும். முடிஞ்சா கல்லை இன்னும் உயர்த்தி, மூடி வந்து உக்காருற விளிம்பு மட்டத்துக்குக் கொண்டு வாங்க, மூடியோட உள் வளைவுக்கு எவ்ளோ கிட்ட போகுதோ அவ்ளோ நல்லது.

இன்ஃப்ராரெட் கன் (தொடாமலே சூட்டை அளக்குற மீட்டர்) ஒண்ணு வாங்கிக்கங்க, விலை ரொம்ப இல்ல. கல்லோட சூட்டை அதுலதான் பாக்கணும், மூடி மீட்டரை நம்பி பிரெட் போடுறது வீண் வேலை.

பாண்பிரியை:

வணக்கம், நான் டொரொண்டோவில இருக்கிறன். தணல்ராஜா சொல்லுறது சரி, ஆனா எனக்கு டச் அவனே வேண்டாம் எண்டுதான் படுது. ஊரில பாண் விறகுப் போறணையிலதான் போடுறது, போறணைக்குள்ளயே விறக எரிச்சு, சுவர் நல்லா காய்ஞ்ச பிறகு தணல வெளியில இழுத்துப்போட்டிட்டு, அந்தச் சுவரில இருக்கிற சூட்டிலயே பாண் வேகும். கமாடோவும் அதே கணக்குத்தான், என்ன, இதில தணல வெளியில எடுக்கேலாது, அது கீழயே கிடந்து எரியும், அதாலதான் அடிக்கு மட்டும் கூடச் சூடு போகுது. அதுக்கு மேல ஒரு தடிச்ச இரும்புச் சட்டியையும் வச்சு ஒரு மணித்தியாலம் காய விட்டால் வேற என்ன நடக்கும்?

நான் செய்யிறது, கல்லில கொஞ்சம் ரவை தூவிட்டு மாவ நேராக் கல்லிலயே வச்சு, அதுக்கு மேல பெரிய எவர்சில்வர் குண்டான் ஒண்டக் கவிழ்த்து மூடிவிடுறது. மாவில இருந்து வாற ஆவி முழுக்க அதுக்குள்ளயே நிக்கும், பாண் நல்லா எழும்பும். 20 நிமிசத்தால குண்டானத் தூக்கிவிடுங்கோ, தடிச்ச கையுறை கட்டாயம். குண்டானில பிளாஸ்டிக் பிடி இருக்கக் கூடாது. ஆவி வேணும் எண்டு சூடான கல்லில தண்ணி மட்டும் ஊத்திப் போடாதேங்கோ, கல்லு வெடிச்சுப் போகும்.

இந்தக் கமாடோ ஜப்பான்காரர் சோறாக்கின அடுப்பில இருந்து வந்தது எண்டு தெரியுமோ? உலகப்போருக்குப் பிறகு அங்க இருந்த அமெரிக்கப் படைக்காரர் வீட்டுக்குக் கொண்டு வந்தவை, பிறகு 1974இல எட் ஃபிஷர் எண்டவர் அட்லாண்டாவில பிக் கிரீன் எக் எண்ட கமாடோ கொம்பனியத் தொடங்கினவர். சோத்துக்கு வந்த அடுப்பில இப்ப நாங்கள் பாண் போடுறம்.

மாவும்கரியும்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குண்டான் ஐடியா சூப்பர், பிரியாணி குண்டான் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. ஆனா ஒரு மணி நேரம் விட்டா எனக்கு சூடு 550, 600ன்னு எகிறிடுது, அப்புறம் வென்ட்டை (காத்து போற துவாரம்) எவ்ளோ மூடுனாலும் இறங்கவே மாட்டேங்குது. அதுக்கு என்ன வழி? கசப்பு வாசனை பத்தியும் யாராவது சொல்லுங்க.

வென்ட்_வாத்தியார்:

எகிறுன பின்னாடி இறக்குறது நடக்காத காரியம்ங்க, அந்த செராமிக் அவ்ளோ சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், மணிக்கணக்கா ஆகும். ஏறும்போதே பிடிக்கணும். 400 தொட்ட உடனே கீழ் வென்ட்டை ரெண்டு விரல் அகலத்துக்குக் குறைங்க, மேல் வென்ட்டையும் பாதிக்குக் கொண்டு வாங்க, அது மெதுவா தவழ்ந்து 450க்கு வந்து நிக்கும். கரியை ஒரே ஒரு இடத்துலதான் கொளுத்தணும், நாலு பக்கமும் பத்த வச்சா அப்புறம் அது உங்க பேச்சைக் கேக்காது. குண்டானை எடுக்கத் தொறக்கும்போதும் சட்டுனு எடுத்துட்டு மூடிடணும், தொறந்து வச்சு போட்டோ எடுத்துக்கிட்டு நின்னா கரிக்குக் காத்து கிடைச்சு தீ ஏறும், கடைசி 20 நிமிஷத்துல அடி தீயுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கசப்புக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். கரி முழுசா பத்துறதுக்கு முன்னாடி கெட்டியா வெள்ளைப் புகை வரும், அது அடங்கி புகையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்த பின்னாடிதான் மாவை உள்ள வைக்கணும். ஒரு மணி நேரம் சூடேத்துனீங்கன்னா இது தானா சரியாயிடும். ரெண்டாவது, போன வாரம் பிரிஸ்கெட் போட்டப்ப டிஃப்ளெக்டர்ல சிந்துன கொழுப்பு. அது எரிஞ்சா வர்ற வாசனை பிரெட்டுல அப்படியே ஏறிக்கும். பிரெட்டுக்குன்னு தனியா ஒரு கல்லு வச்சுக்கங்க, டிஃப்ளெக்டரை சோப்பு போட்டுக் கழுவ வேணாம், செராமிக் உறிஞ்சிக்கும், சூட்டுலயே எரிச்சு சுரண்டி விட்டா போதும். லைட்டர் ஃப்ளூயிட் (கரி பத்த வைக்க ஊத்துற எண்ணெய்) பக்கமே போகாதீங்க, அதையும் உறிஞ்சி வச்சுக்கிட்டு பின்னாடி போடுற எல்லாத்துலயும் வாசனையா கக்கும்.

முக்கியமானது ஒண்ணு, வென்ட்டை இறுக்கி வச்சிருக்கும்போது மூடியை மடார்னு தொறக்காதீங்க. உள்ள காத்துக்குத் தவிச்சிட்டு இருக்குற தணல் சட்டுனு மூஞ்சிக்கு நேரா தீயா எழும்பும், புருவம் போயிடும். முதல்ல ரெண்டு இன்ச் தூக்கி ஒரு சில நொடி பிடிச்சு, காத்து உள்ள போனதும் முழுசா தொறங்க. மழை பெய்யுதேன்னு கராஜுக்குள்ள தள்ளிட்டுப் போய் பத்த வைக்குறதும் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு.

கோவைக்காரி:

இடையில ஒரு கேள்விங்க. நான் இங்க கோவைலதான், என்னோட அக்கா அமெரிக்காவுல இருந்து திரும்பி வரும்போது ஒரு சின்ன கமாடோ கொண்டு வந்துட்டாங்க. இங்க தேங்கா செரட்டைக் கரி நல்லா கிடைக்குதுங்க, அதுல பிரெட் போடலாமுங்களா?

வென்ட்_வாத்தியார்:

தாராளமா போடலாம்மா, வாசனை கம்மி, சூடும் நல்லா நிக்கும். ஆனா உதிரி செரட்டைக் கரி சில்லு சில்லா இருக்கும், கீழ கம்பித் தட்டோட ஓட்டை அடைச்சிடும், அப்புறம் 230 டிகிரிக்கு ஏறவே ஏறாது. அடில பெருசா நாலஞ்சு மரக்கரித் துண்டு பரப்பி, அது மேல செரட்டைக் கரியைப் போடுங்க. அழுத்தி செஞ்ச பிரிக்கெட்னா பத்திக்க நேரம் எடுக்கும், ஒவ்வொரு தடவையும் பழைய சாம்பலைத் தட்டிட்டுப் போடணும்.

மாவும்கரியும்:

எல்போ வாங்கிட்டேன். சனிக்கிழமை போடுறேன். கடைசியா ஒண்ணு, பேக்கிங் பேப்பர் கல்லு மேல போடலாமா, கூடாதா?

பாண்பிரியை:

பேக்கிங் பேப்பரில நிறைய ரகம் 220 பாகை செல்சியசுக்கு மேல தாங்காது, ஓரம் கருகிப் பொடியாப் போகும். மாவ விடக் கொஞ்சம் மட்டும் பெரிசா வெட்டிப் போடுங்கோ, குண்டானத் தூக்கேக்க கடதாசியையும் உருவி எடுத்து விடுங்கோ. பாணுக்குள்ள தெர்மாமீட்டரக் குத்திப் பாத்து 97, 98 செல்சியஸ் வந்தால் எடுத்துக் கம்பித் தட்டில ஆற வையுங்கோ. வெந்த பாண அடுப்புக்குள்ளயே விட்டிட்டு வராதேங்கோ, வென்ட்ட மூடினாலும் கல்லு கன நேரம் சுடும்.