புல்வெளிப் பராமரிப்புத் தொழிலுக்கு எந்த மென்பொருள் ஏற்றது? (பெங்களூரு)

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் ஆறு ஆண்டுகளாகப் புல்வெளிப் பராமரிப்புத் தொழில் செய்து வருகிறேன். சர்ஜாபூர் சாலை, ஒயிட்ஃபீல்டு, எச்எஸ்ஆர் லேஅவுட் ஆகிய பகுதிகளில் 43 தனி வீடுகளும் 5 அடுக்குமாடிக் குடியிருப்புகளும் என் பொறுப்பில் உள்ளன. ஒன்பது தொழிலாளர்கள் இரண்டு குழுக்களாக வேலை செய்கிறார்கள். இதுவரை ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வாட்ஸ்அப்பையும் வைத்தே சமாளித்து வந்தேன். சென்ற மழைக்காலத்தில் அது கைமீறிப் போயிற்று. ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு குழுக்களும் போய் நின்றன. இன்னொரு வீட்டுக்கு இருபது நாள் யாருமே போகவில்லை. ஒருவரிடம் மூன்று மாதப் பணத்தைக் கேட்கவே மறந்துவிட்டேன். வீட்டுக்கே வந்து செய்யும் சேவைத் தொழில்களுக்கென்று வெளிநாட்டில் உருவான ஜாபர் போன்ற மென்பொருளை வாங்கலாமா, அல்லது இங்கு எளிதில் கிடைப்பவற்றைக் கொண்டே அமைத்துக்கொள்ளலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஒயிட்ஃபீல்டில் இதே தொழில் செய்பவர்)

வணக்கம் ஐயா. மென்பொருளை வாங்கும் முன் கூகுள் ஷீட்ஸில் ஓர் அட்டவணை போடுங்கள். அதில் ஒரு வரி என்பது ஒரு வாடிக்கையாளர் அல்ல, ஒரு புல்வெளி. ஒரே குடியிருப்பில் வெயிலில் கிடக்கும் முன்புறப் புல்லும் கட்டட நிழலில் இருக்கும் பின்புறப் புல்லும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும். பரப்பளவு எத்தனை சதுர அடி, எந்த வகைப் புல், வெயிலா நிழலா, காவலாளி எத்தனை மணிக்குமேல் உள்ளே விடுவார் என்பவை அந்த வரியில் இருக்க வேண்டும்.

நான் முதலில் செய்த தவறு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிழமையை நிரந்தரமாக ஒதுக்கியது. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. வெட்டினால் வெளிறி, வேர் பலவீனமாகி, அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும். பெர்முடா என்று நாம் விற்பது நம் அருகம்புல் இனம்தான். மழைக்காலத்தில் அதை ஏழு முதல் பத்து நாளுக்குள் வெட்டியாக வேண்டும். மெக்சிகன் புல் அவ்வளவு விரைவாக வளராது. எனவே "கடைசியாக வெட்டிய தேதி", "இடைவெளி நாட்கள்" என்று இரண்டு கட்டங்கள் வைத்து, இரண்டையும் கூட்டினால் அடுத்த தேதி தானே வருமாறு சூத்திரம் எழுதுங்கள். பெங்களூருவில் அக்டோபரிலும் நல்ல மழை பெய்வதால், மழைக்கால இடைவெளியைச் செப்டம்பரோடு நிறுத்திவிடாதீர்கள். பிறகு அந்தப் பட்டியலைப் பகுதிவாரியாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு நாளில் ஒரே பகுதியைக் கொடுங்கள். வண்டியில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு எச்எஸ்ஆரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு நடுப்பகலில் வெளிவட்டச் சாலையில் போனால் அரை நாள் கூலி சாலையிலேயே கரைந்துவிடும்.

மறுமொழி 2 (கணக்கு எழுதுபவர்)

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தோட்டம், புல்வெளி பராமரிப்புக்கான சேவைக் குறியீடு 998597, வரி 18 விழுக்காடு. ஐந்து குடியிருப்புகள் இருப்பதால் அந்த எல்லையை நெருங்கியிருப்பீர்கள் என நினைக்கிறேன். 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு அறிவிப்பு அனுப்பியதை மறக்க வேண்டாம். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி கியூஆர் குறியீடும் வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்தர பில்லைத் தானாக உருவாக்கும் வசதி ஸோஹோ புக்ஸ் போன்ற மென்பொருளில் உண்டு. மூன்று மாதப் பணம் விடுபட்டது போன்ற சிக்கலை அதுவே தீர்க்கும்.

மறுமொழி 3 (குடியிருப்போர் சங்கத்தில் தோட்டப் பொறுப்பாளர்)

அந்த அட்டவணையில் தண்ணீருக்கும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டுகிறேன். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. எந்தப் புல்வெளிக்குச் சுத்திகரித்த கழிவுநீர் பாய்கிறது, எதற்கு ஆழ்துளைக் கிணறு என்பது உங்கள் பதிவில் இருந்தால், கோடையில் எங்கே புல்லை உயரமாக விட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

வேலை முடிந்ததைப் பதிவு செய்யத் தொழிலாளர்கள் கைபேசியில் நிரப்பும் ஒரு படிவமும் வையுங்கள்; அதில் மூன்று கேள்விகளே போதும்: எந்தப் புல்வெளி, வேலை முடிந்ததா, ஒரு புகைப்படம். கன்னடமும் இந்தியும் பேசுபவர்கள் இருந்தால் அவரவர் மொழியில் படிவத்தைத் தனித்தனியாக அமையுங்கள். நாள் முழுதும் வெயிலில் நின்று உழைத்தவரைப் புரியாத மொழியில் தட்டச்சு செய்யச் சொல்வது முறையல்ல.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அட்டவணையை இன்றே தொடங்குகிறேன். பரப்பளவைக் கூகுள் மேப்ஸில் அளந்தால் போதுமா?

மறுமொழி 1

திறந்த வெளியாக இருந்தால் போதும். மரக்கிளை மூடிய இடங்களில் புல்லின் எல்லை மேலிருந்து தெரியாது. அங்கே நாடாவைப் பிடித்தே அளந்துவிடுங்கள். ஜாபரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: இந்த அட்டவணை ஒரு மழைக்காலம் முழுதும் ஓடிய பிறகு எது போதவில்லை என்று பார்த்து, அதற்கு மட்டும் சந்தா கட்டுங்கள்.