மலை இறக்கத்தில் பிரேக் கருகுற வாடை, உடனே சொல்லுங்க

குமரன்87: இறங்கிட்டு இருக்கோம். முன் சக்கரத்துல கருகுற வாடை, பெடல் மெத்துனு உள்ள போகுது. ஓரமா நிறுத்திட்டேன். அம்மா, குழந்தைங்க கூட இருக்காங்க. தண்ணி ஊத்தலாமா?

மலைப்பாதை மணி: ஊத்தாதீங்க! கொதிக்கிற டிஸ்க்குல தண்ணி பட்டா கோணிக்கும், விரிசலும் விடலாம். எந்த மலை? என்ன வண்டி? ஆட்டோமேட்டிக்கா?

டீசல்பிரியன்: பிரேக் ஆயில் பழசு. எப்ப மாத்துனீங்க? டாட் 3 ரக ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரி வரை தாங்கும். ஈரத்தை உறிஞ்சிட்டா 140-லயே கொதிச்சு ஆவியாகிடும், பெடல் மெத்துனு போயிடும்.

வேலு: பிரேக் பேட் தேஞ்சிருக்கும். கழட்டிப் பாருங்க.

ராமையா: இதே கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு, யாரும் தேடிப் படிக்கிறதில்ல. ஏறுற கியர்லயே இறங்கணும். அது தெரியாதவங்க மலைக்கு வண்டி எடுக்கக் கூடாது.

மலைப்பாதை மணி: ஐயா, அவர் குழந்தைகளோட ரோட்டுல நிக்கிறார். அதை அப்புறம் பேசலாம்.

குமரன்87: கொல்லிமலை. சோளக்காட்டுல இருந்து காரவள்ளிக்கு. பெட்ரோல் ஏஎம்டி, கிளட்ச் இல்லாம கியர் தானா மாறுற வண்டி. டி-ல (டிரைவ்) தான் வந்தேன்.

மலைப்பாதை மணி: அதான் விஷயம். 70 கொண்டை ஊசி வளைவு. டி-ல விட்டா வண்டி மேல் கியருக்குப் போயிடும், பாரம் பூரா பிரேக் மேல விழும். முன் சக்கரத்துக்குக் கல் வைங்க. அரை மணி நேரமாவது ஆறட்டும், சக்கரத்தைத் தொடாதீங்க. அப்புறம் மேனுவலுக்கு மாத்தி ஒண்ணு, ரெண்டுலயே இறங்குங்க. பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே வராம, வளைவுக்கு முன்னாடி அழுத்தி வேகத்தைக் குறைச்சிட்டு விட்டுடுங்க. ஆறின பிறகும் பெடல் மெத்துனு இருந்தா வண்டியை எடுக்கவே வேண்டாம்.

செந்தில்: நான் நியூட்ரல்லதான் இறங்குவேன். பெட்ரோல் மிச்சம்.

டீசல்பிரியன்: மிச்சமே இல்ல. கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டா, இப்போதைய இஞ்சின் பெட்ரோலையே நிறுத்திடும். நியூட்ரல்லதான் ஐடில் ஓட பெட்ரோல் போகும்.

ராமையா: உயிரை விட பெட்ரோல் பெருசா? இன்னொண்ணு, அகலம் பத்தாத இடத்துல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. 1989 சாலை விதியிலயே இருந்துச்சு.

செந்தில்: பஸ் மேல இருந்து வந்தா யாரு சார் விதி பாக்குறா?

வேலு: பஸ் திரும்ப முழு ரோடும் வேணும். நாமதான் முன்னாடியே நிக்கணும்.

ராமையா: வசதின்னு விதியை மாத்தக் கூடாது.

வேலு: பின்னாடி வண்டிங்க நிக்கும்போது பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கச் சொல்வீங்களா?

குமரன்87: ஆறினதும் பெடல் கெட்டியாச்சு. ரெண்டாவது கியர்லயே காரவள்ளி வந்துட்டோம். நன்றி மணி அண்ணா.

டீசல்பிரியன்: ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்கன்னு இன்னும் சொல்லலயே?