உங்கள் ஊர் போக்கிமான் ஆட்டத்தில் எதைத் தடை செய்தீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

டிக்கோயாவிலிருந்து:

ஏப்ரல் லீவு வந்தால் எங்கள் தோட்ட டிவிஷனில் கொழும்புக்குப் போன பொடியன்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். 2023இல் அப்படி வந்தவர்களையும் சேர்த்து எட்டுப் பேர் போக்கிமான் ஷோடவுனில் ஒரு போட்டி வைத்தோம். ஆளுக்கு ஆறு போக்கிமான் மிருகங்களை மோதவிடுகிற விளையாட்டு அது, பிரவுசரிலேயே ஓடும், டேட்டாவும் பெரிதாகத் தின்னாது. சிக்னல்தான் தலையிடி. லயத்துக்குள் ஒரு கோடுகூட வராது, கோயிலுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால் இரண்டு கோடு வரும். பின்நேரம் மிஸ்ட் இறங்கினால் அதுவும் சந்தேகம். அதிலும் தோற்கப்போகிறவனுக்கு மட்டும்தான் சிக்னல் போகும்! அதனால் நாங்கள் போட்ட முதல் தடை எந்த மிருகத்துக்கும் இல்லை: ஆட்டம் முடியுமுன் பாறையை விட்டு இறங்கினால் தோல்வி.

எனிதிங் கோஸ் முறையில்தான் தொடங்கினோம். பேருக்கு ஏற்ற மாதிரி எதையும் கொண்டுவரலாம். அந்த முறை பிறந்த கதையும் தடைக் கதைதான். 2014இல், ஆட்டத்தின் நடுவே உருமாறிப் பலம் கூடுகிற மெகா ரெக்வேசாவை, மிகப் பலசாலிகளுக்கான ஊபர் பிரிவாலேயே தாங்க முடியவில்லை. மற்ற மெகாக்கள் உருமாறக் கையில் ஒரு கல் பிடிக்க வேண்டும். இதற்கு ஒரு மூவ், அதாவது ஒரு அடி, தெரிந்தால் போதும், கை சும்மா இருக்கும், அதில் வேறு பொருளைக் கொடுக்கலாம். அடங்காத ஆட்களுக்கென்றே இருந்த வீட்டிலிருந்து அதைத் துரத்த, இன்னொரு வீடு கட்ட வேண்டியதாயிற்று.

முதல் நாளே கொரைடோன், மிரைடோன் இரண்டையும் ஏகமனதாகத் தள்ளினோம். விளையாட்டுப் பெட்டியின் படத்தில் இருக்கிற பெரிய ஆட்களைத் தள்ளுவதில் யாருக்கும் மனஸ்தாபம் வராது. எங்களுக்குள் சண்டை வந்தது ஒரு நாயால்.

ஹவுண்ட்ஸ்டோன். கல்லறையைத் தலையில் சுமக்கிற பேய் நாய். வேகம் 68, தாக்குதல் 101, பார்த்தால் ஏழை. ஆனால் அதன் லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ் அடிக்கு அடிப்படை பலம் 50; தன் பக்கத்தில் ஒவ்வொருவர் விழும்போதும் இன்னும் 50 கூடும். ஐந்து பேரும் போய்விட்டால் 300. எர்த்குவேக்கே 100தான் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு எதிரே சித்தப்பா மகன். அவனுடைய ஆறில் ஐந்தைச் சாய்த்தேன், நாய் மட்டும் மிச்சம். என் பக்கம் நான்கு நிற்கிறது. வென்றாயிற்று என்று பிளேன்டீயை ஒரு வாய் குடித்தேன். அவன் சிரிக்கவும் இல்லை. அவனுடைய டைரனிட்டார் சாகுமுன் கிளப்பிவிட்டுப் போன மணல் காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சாண்ட் ரஷ் என்ற குணம் இருப்பதால் மணலில் நாய்க்கு இரட்டை வேகம். முதலாவது போனது. இரண்டாவது போனது. டார்க் வகைக்குப் பேய் அடி பாதிதான் படும் என்று கிங்கம்பிட்டை விட்டேன், ஏற்கெனவே அரை உயிரில் இருந்தது, அதுவும் போனது. நான்காவதை விடும்போதே போனை மடியில் வைத்துவிட்டேன். டீ ஆறவில்லை.

“நோர்மல் வகைக்குப் பேய் அடி படவே படாது, ஒன்றைப் போட்டால் சரி” என்றார் பெரியப்பா மகன். சரி என்று கேட்டோம். மறுநாள் பார்த்தால் எட்டு டீமிலும் ஒரு நோர்மல்! நாய் இல்லாத டீமோடு ஆடும்போது அந்த இடம் சும்மா கிடக்கிறது. தோற்றது எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை, இதுதான் உறைத்தது. நாய் களத்துக்கே வராமல் ஆறில் ஒரு இடத்தை எல்லாரிடமிருந்தும் பிடுங்கிவிட்டது.

கத்துகிறவன் சொல்வதே சட்டமாகிவிடக் கூடாது என்று, போக்கிமான் ரசிகர்கள் தடைகளை முடிவுசெய்கிற ஸ்மோகன் தளத்தின் வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். அங்கே சந்தேகப்படும் மிருகம் புழங்குகிற ஏணியில், அதாவது தரவரிசை ஆட்டங்களில், ஆடித் தகுதி எடுத்தவர்களுக்குத்தான் வாக்கு. தடைக்கு நூற்றுக்கு 60 வேண்டும். எங்கள் அளவுக்கு: நாயோடு மூன்று ஆட்டம், நாய்க்கு எதிராக மூன்று ஆட்டம், பிறகு கை தூக்கலாம்.

எட்டில் ஐந்து கை. தடை. முதல் கை சித்தப்பா மகனுடையது. “அஞ்சு பேரைச் சாகக் குடுக்கிறதுதான் என்ட வேலையா இருக்கு அண்ணே, வேற ஒன்னும் யோசிக்கிறதில்ல” என்றான். அதுவரை அதிகம் கத்தியவன் நான். கை தூக்காத மூவரில் நானும் ஒருவன். நாயோடு ஆடிய மூன்றையும் வென்றிருந்தேன், மனசு வரவில்லை.

பண்டாரவளையிலிருந்து:

எங்கள் காலத்தில் வாக்கும் இல்லை, ஏணியும் இல்லை. மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த இரண்டு கேம்பாய், ஒரு வயர். அண்ணனும் நானும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கடைசி ஆளாக வாபஃபெட் என்ற மிருகத்தை வைத்திருந்தோம், இரண்டின் கையிலும் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் உயிர் ஏற்றுகிற லெஃப்ட்டோவர்ஸ். அதற்குச் சொந்தமாக அடிக்கவே தெரியாது, வாங்கிய அடியைத் திருப்பித்தான் கொடுக்கும். ஷேடோ டேக் என்ற குணம் இருப்பதால் எதிராளி ஓடவும் முடியாது. மூவெல்லாம் தீர்ந்து, ஸ்ட்ரகிள் என்ற கடைசி அடி வந்தாலும் அந்தக் கீறலை லெஃப்ட்டோவர்ஸ் ஆற்றிவிடும். அம்மா கொழுந்தெடுத்து வந்து, தலை துவட்டி, அடுப்புப் பற்றவைத்து, ரொட்டி சுட்டு முடித்தார். நாங்கள் அதே இடத்தில். கடைசியில் அண்ணனின் பெட்டரி செத்தது. நான் வென்றேன் என்று இன்றைக்கும் சொல்வேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த தலைமுறை விளையாட்டில் இரண்டு ஷேடோ டேக் ஒன்றையொன்று கட்டிப்போடாது என்று மாற்றினார்கள். ஸ்ட்ரகிளும் அடிப்பவரின் முழு உயிரில் காற்பங்கைத் தின்னத் தொடங்கியது. தயாரித்தவர்களுக்கே பொறுக்கவில்லை போல.

தலவாக்கலையிலிருந்து:

டிக்கோயா அண்ணன் கோபிக்கக் கூடாது. உங்கள் நாயை அதிகாரபூர்வப் போட்டியில் பார்த்தால் பாவமாக இருக்கும். அங்கே இருவர் இருவராக மோதுவது, ஆறில் நான்கைத்தான் எடுக்க முடியும். மிஞ்சிப்போனால் மூன்று பேர்தான் சாகலாம், அடி 200க்கு மேல் ஏறாது. அதுவும் முழுசாக ஏறும்போது நாய் தனியாக இரண்டு பேருக்கு முன்னால் நிற்கும். ஆகவே கோளாறு நாயிடமா, ஆறுக்கு ஆறு ஆடுகிற முறையிடமா? நானாக இருந்தால் நான்குக்கு நான்கு ஆடிப் பார்த்துவிட்டுத்தான் கை தூக்கியிருப்பேன்.

டிக்கோயாவிலிருந்து:

நான்குக்கு நான்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை தம்பி, நியாயம்தான். ஆனால் நான், சித்தப்பா மகன் என்று இரண்டு பேருக்காக முழு ஆட்டத்தையே மாற்ற மற்ற ஆறு பேர் சம்மதிக்கமாட்டார்கள்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. அப்போது ஸ்மோகனிலும் நாயின் பேரைத்தான் தடை செய்திருந்தார்கள், அந்த மூவ் அது ஒன்றிடம்தான் இருந்தது. அதே வருஷம் பஸ்குலீஜியன் என்ற மீனும் அதே மூவோடு வந்து சேர, மூவையே தள்ளிவிட்டு நாயை விட்டுவிட்டார்கள். நாங்களும் அடுத்த லீவில் அப்படியே மாற்றினோம். இப்போது பாறையில் நாய்க்குத் தடை இல்லை. யாரும் எடுப்பதும் இல்லை, சித்தப்பா மகனைத் தவிர. அவன் எல்லா ஆட்டத்திலும் முதலாவதாக அதை இறக்கிச் சாகக் கொடுக்கிறான்.